தேயாத சீட்டு

1

இந்தக் கதை ஒரு சைக்கிளிலிருந்து வந்தது. கொரட்டூர் ஏரிப் பக்கம், ஒரு ரிப்பேர் கடையில் அது சாத்தியிருந்தது. கைப்பிடிகள் விரல் பதிந்து தேய்ந்திருந்தன. பின்னால் கேரியர் கம்பி மழுங்கிப் பளபளத்தது. சீட்டின் தோலில் மட்டும் ஒரு சுருக்கம்கூட இல்லை.

“துலுக்கானம்னு ஒருத்தரு. வெள்ளக்காரன் காலத்துல ஆவடி வரிக்கும் போன வண்டி” என்றார் கடைக்காரர். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. மீதியை நான் கட்டுகிறேன்.

2

1944. துலுக்கானத்துக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். படுக்கையில் அவன்

(இந்த வாக்கியம் நகரவில்லை. கல்லூரியில் படித்த உயிரியல் புத்தகத்தில் எல்லாவற்றுக்கும் சொல் இருந்தது. அந்தச் சொற்களை அவன் வீட்டுக்குள் கொண்டுபோனால் ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறது. பகலிலிருந்து தொடங்குகிறேன்.)

3

ஆவடியில் பட்டாளத்துக் கிடங்கில் அவனுக்கு மூட்டை தூக்கும் வேலை. சைக்கிள், மாமனார் சீராகக் கொடுத்தது. நான் பார்த்திராத அந்தச் சாலைமேல் எனக்கு ஏனோ ஏக்கம்: இருபுறமும் புளியமரம், லாரி போனபின் மெதுவாக அடங்கும் புழுதி, ஒரு மணியோசைக்கே திரும்பிப் பார்க்கும் முகங்கள்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் அவனுக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை. (இவ்வளவுதான் எழுத வருகிறது.) அதை மனசுக்குள் பூட்டி வைத்திருந்தவனிடம், கூட வேலை செய்த வேம்புலி சாப்பாட்டு வேளையில் விளையாட்டாகச் சொன்னான்:

“அண்ணாத்தே, சைக்கிள் சீட்டு சூடு ஆம்பளைக்கு ஆவாது. நரம்பு செத்துப்பூடும். அப்பால ஊட்ல வெறும் மீசையத்தான் காட்டிக்கினு குந்தணும்!”

எல்லோரும் சிரித்தார்கள். துலுக்கானமும் சிரித்தான். அன்று மாலையிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வந்தான். கேட்டவர்களிடம் பஞ்சர் என்றான். தினமும் பஞ்சர்.

மூட்டை தூக்கிய உடம்பு, அம்பத்தூர் தாண்டி அத்தனை தூரம் நடந்தால் என்ன ஆகும்? சோறு தின்றதும் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிப்போனான். விடிந்ததும் அந்தத் தூக்கத்தையே அத்தாட்சியாக எடுத்துக்கொண்டான். நரம்பு செத்துவிட்டது.

(களைப்பு, பயம், இரத்த ஓட்டம் பற்றி இங்கே ஒரு பத்தி இருந்தது. அடித்துவிட்டேன். அவனுக்கு அதைச் சொல்ல அப்போது யாரும் இல்லை.)

4

கன்னியம்மாவை, அதாவது அவன் மனைவியை, முதலில் அழவைத்தேன். பொருந்தவில்லை. என் கன்னியம்மா அழாமல் துணியை மூட்டை கட்டிக்கொண்டு, ஒரு ஞாயிறு சாயங்காலம் வாசலில் வந்து நின்றாள்.

“என்னப் புடிக்கலன்னா சொல்லிடு மாமா. காட்டுப்பாக்கத்துல எங்கப்பன் ஊடு அப்டியேதான் கீது.”

“புடிக்காமலா, மே...”

“அப்பறம் இன்னாத்துக்கு செவுத்தப் பாத்துக்கினு படுக்கற? செவுரு என்னவிட அயகா கீதா?”

அவன் சைக்கிளைக் காட்டினான். வேம்புலி சொன்னதையும், அதற்கு முன்னால் நடந்ததையும் தலை நிமிராமல் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் ஏரிமேல் வெளிச்சம் குறைந்துவிட்டது.

(அவள் சிரித்திருந்தால் அவன் அன்றோடு முடிந்திருப்பான். சிரிக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.)

“இத்தினி நாளா எங்கிட்ட இன்னா கொறன்னு கண்ணாடி பாத்துக்கினு இருந்தேன்” என்றாள்.

பிறகு மூட்டையை உள்ளே எறிந்துவிட்டு, கேரியரில் ஏறி உட்கார்ந்தாள்.

“போலாம்.”

“எங்கமே?”

“ஏரிக்கர வரிக்கும். ஓட்டு, இல்லாட்டி தள்ளு. எறங்க மாட்டேன்.”

5

ஒரு முடிவு: தள்ளினான். ஆயுசு முழுக்கத் தள்ளினான். பயம் முழுசாகப் போகவில்லை. அவளும் இறங்கவில்லை. சுவர் மட்டும் தனியாகிப்போனது.

இன்னொன்று: ஏறி மிதித்தான். மிதித்து மிதித்து சீட்டுத் தோல் கிழிந்து, வயதான காலத்தில் புதுசு மாற்றினார்கள். நான் பார்த்தது அதைத்தான்.

மூன்றாவது: மறுநாள் அவள் காட்டுப்பாக்கத்துக்கு

(இதை எழுத மாட்டேன்.)

சீட்டு மாற்றியதா என்று கடைக்காரரிடம் கேட்டிருக்கலாம். கேட்கத்தான் வாயெடுத்தேன். கூச்சமாகி, என் வண்டிக்குக் காற்று மட்டும் அடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வண்டி இன்னும் அங்கேதான் சாத்தியிருக்கிறது. நீங்கள் போனால் சீட்டை விட்டுவிடுங்கள். கேரியரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எது நடந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.