பாய் அகல வெயில்

உலகத்தில் உள்ள அத்தனை இங்கிலீஷ் வினைச்சொல்லுக்கும் சங்கரன்கோவிலில் ஏதாவது ஒரு வேலை உண்டு, ஆப்ரிகேட் என்ற ஒன்றைத் தவிர. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் நடத்தும் எபினேசர் சார், சாக்பீஸை உயர்த்திப் பிடித்து இதை அறிவித்தார். வெயிலில் சுகமாக உட்கார்ந்து காய்வது என்று அதற்குப் பொருள். லத்தீனில் வெயில் படுகிற இடத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்து, முந்நூறு வருசத்துக்கு முன்னால் இங்கிலீஷுக்குள் நுழைந்து, அங்கேயும் யாரும் அதிகம் கூப்பிடாததால் அகராதியிலேயே குடியிருக்கிறது. “நம்ம ஊர்ல வெயில்ல காயுறது வத்தலும் கருவாடும். மனுசன் போயி உக்காந்தா அவன் லூசு,” என்றார். வகுப்பு சிரித்தது.

மறுநாள் காலை, சென்டருக்குக் கீழே சுடலைராஜ் டீக்கடை பெஞ்சில் பாய் அகலத்துக்கு ஒரு வெயில் வந்து விழுந்தது. சாயங்காலம் ஊர் வெயிலெல்லாம் போன பிறகும் அது போகவில்லை. ஐப்பசி மழை கொட்டியபோது தெரு நனைந்தது, பெஞ்சு நனையவில்லை. கரிவலம்வந்தநல்லூர் பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் அதில் மிளகாயைப் பரப்பிப் பார்த்தார்கள், காயவில்லை. ஆனால் மகன் வெளிநாடு போனதிலிருந்து நடுங்கிக்கொண்டே திரிந்த மேலநீலிதநல்லூர் ஆட்டுக்காரர் குருசாமி, ஒரு டீ குடிக்கிற நேரம் அங்கே உட்கார்ந்தார். நடுக்கம் நின்றது. ஆட்டு விலை பேசிக்கொண்டே எழுந்து போனார். அப்புறம் பெஞ்சுக்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். சார் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, “ஏலே, ஆப்ரிகேட் பார்ட்டி, நல்லா வேகுங்கலே!” என்பார்.

சாரின் கை ஊருக்கே தெரிந்த விஷயம். மனைவி ஞானபூரணத்தை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று ஜில்லிட்ட கை, இரண்டு சித்திரை கடந்தும் சூடேறவில்லை. அவர் பிடித்தால் டீ ஆறிவிடும். அவசரக்காரர்களின் கிளாஸை சுடலைராஜ் அவரிடம் கொடுத்து வாங்குவான். எல்லாவற்றையும் ஃபேன் காற்று என்று சொல்லிச் சமாளித்தவருக்குச் சமாளிக்க முடியாமல் போனது பேத்தி. மகள் ஜெஸ்லின் பெற்ற கைக்குழந்தை, அவர் விரல் பட்டாலே வீறிட்டது. ஒருநாளும் தூக்கியதில்லை. தொட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இங்கிலீஷில் கொஞ்சுவார்.

கார்த்திகையில் ஜெஸ்லின் குருவிகுளத்தில் இருக்கும் புருஷன் வீட்டுக்குக் கிளம்பினாள். டீக்கடை ஓரத்தில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது, “போறதுக்குள்ள ஒரு தடவ தூக்குங்கப்பா,” என்றாள்.

“புள்ள அழுதுரும் மக்கா.”

அவள் பெஞ்சைப் பார்த்தாள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. சார் குடையை மடக்கி, யார் முகத்தையும் பார்க்காமல், பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்து, உள்ளங்கை இரண்டையும் தொடைமேல் மலர்த்தி வைத்தார். முதலில் விரல் நுனிகள் சிவந்தன.

“என்ன சார் பண்ணுதீய?” என்று ஒன்றும் தெரியாதவன் போல சுடலைராஜ் கேட்டான். சார் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெஸ்லின் குழந்தையை அந்தக் கைகளில் வைத்தாள். அது ஒரு கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனது. வகுப்புக்கு வந்த பிள்ளைகள் பார்த்துவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் மாடி ஏறினார்கள். குருவிகுளம் பஸ் வந்து ஹாரன் அடித்தது.

“ஆப்ரிகேட் பண்ணுதேம்லே,” என்றார் எபினேசர் சார், குழந்தைக்குக் கேட்காத குரலில். “பஸ்ஸக் கொஞ்சம் நிக்கச் சொல்லு.”

பஸ் நின்றது.