மூன்றாம் ஓலை

சவரிநாதன் வீட்டுச் சங்கதி சவரிநாதன் வீட்டுப் படி தாண்டாது. அதனால்தான் மனைவி பாக்கியமேரியின் காலில் வந்த சர்க்கரைப் புண்ணையும் துணி சுற்றி மறைத்தார். மகள் பெலிண்டாவின் கல்யாண ஓலை மாதா கோயிலில் வாசிக்கவிருந்த நேரம். மூன்று ஞாயிறு வாசித்து, யாரும் தடை சொல்லாவிட்டால்தான் கல்யாணம். சர்க்கரைக் குடும்பம் என்று சம்பந்தி வீட்டார் காதில் விழக் கூடாது. ஓலை முடியட்டும் என்றார். பாக்கியமேரியும் நொண்டாமல் பூசைக்கு நடந்து காட்டினாள். விடுதியில் இருந்த மகளுக்கும் தெரியாது.

இரண்டாம் ஓலை வாசித்த மறுநாள் பாக்கியமேரிக்கு நடுக்கமெடுத்து நினைவு தப்பியது. திருச்சியில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதே கோயில் பங்குக்காரர் ஒருவர் எதிர்ப்படுவார். ஆகவே காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் சேர்த்தார். புண்ணின் கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள்.

மருந்து கிருமியைக் கொன்றது, பாக்கியமேரி தேறவில்லை. ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஓடி வந்த பெலிண்டா காரணம் சொன்னாள். வெள்ளையணுவுக்குச் சோறு ஊட்டுகிறவள் என்று அவளைக் கேலி செய்யும் சவரிநாதன், அன்று கவனமாகக் கேட்டார். செத்த கிருமியின் சிதறல்களைக் கண்டும் வெள்ளையணுக்கள் ஆபத்து என்று செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அந்த அழற்சியில் உடம்பு தன்னையே எரித்துக்கொள்கிறது. கிருமியைக் கொல்ல உடம்பே செய்யும் சின்னப் புரதத்துண்டு ஒன்று உண்டு, பெப்டைடு. அது அந்தச் சிதறல்களைப் பிடித்து மூடி, செய்தியையும் அடக்கும். அதைத்தான் அவள் ஆராய்கிறாள்.

"அப்ப அத அம்மாவுக்குக் குடும்மா."

அவர் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவர்.

"அது தட்டுல வளக்குற செல்லுக்குத்தாம்ப்பா. மருந்தா இன்னும் ஆகல. தட்டுலயே ஆரம்பத்துல சேர்த்தாத்தான் அடங்குது. செய்தி பரவுனப்புறம் ஊத்துனா கேக்க மாட்டேங்குது." அம்மாவின் காலைப் பார்த்தாள். "புண்ணு எப்பப்பா வந்துச்சு?"

"முதல் ஓலைக்கு முன்னாடி."

அவள் அம்மாவின் காலைப் போர்வையால் மூடினாள்.

ஞாயிறு காலை பாக்கியமேரியின் விரல்கள் கறுத்துவிட்டன. இனி எங்கள் கையில் இல்லை என்று டாக்டர் சொல்லிப் போனார். அப்போது சம்பந்தி போனில் அழைத்தார். மூன்றாம் ஓலையும் வாசித்தாயிற்று, தடை எதுவும் இல்லை. ஆமாம், சம்பந்தியம்மாவை ஏன் பூசையில் காணோம் என்றார்.

சவரிநாதன் முதுகை நிமிர்த்திக்கொண்டார். பெலிண்டா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லேசா காய்ச்சல்ங்க. கல்யாணத்துக்குள்ள எந்திரிச்சுடுவா."

பெலிண்டா எழுந்து வராந்தாவுக்குப் போனாள். பங்குச் சாமியாருக்குப் போன் செய்து, சாகக் கிடக்கிறவர்களுக்குத் தரும் அவஸ்தைப்பூசுதலை அம்மாவுக்குக் கொடுக்க வரும்படி கேட்டு, ஆஸ்பத்திரிப் பெயரையும் தெருவையும் உரக்கச் சொன்னாள். சவரிநாதன் தடுக்கவில்லை.

சாமியார் அடுத்த பூசையை முடித்துக்கொண்டு பாலம் தாண்டி வருவதற்குள் பாக்கியமேரி போய்விட்டிருந்தாள்.