புத்தகம் அழுத்திய கட்டை

...ஆனால் கட்டையின் மேல் விரலே இல்லையே, பாட்டுப் புத்தகம் அல்லவா இருக்கிறது, கீபோர்டின் இடது ஓரத்தில் ஐந்தாவது கட்டை மேல் அந்தத் தடித்த புத்தகத்தைச் சாய்த்துவிட்டு நான் துடைக்கிற துணியைத் தேடப் போனேன், அவ்வளவுதான், ஆம்ப்ளிஃபயர் முதலில் கணீரென்று முழங்கியது, பிறகு த்தும்... த்தும்... என்று திக்க ஆரம்பித்தது, பேச வந்து பேச முடியாதவர் மாதிரி. இதே திக்கல். பிரார்த்தனைக் கூடத்தில் ஒவ்வொரு வாரமும் தலையைக் குனிந்துகொண்டு நான் கேட்கிற அதே திக்கல். என் மனைவியின் இடது சுண்டுவிரல் நடுங்குகிறது என்று ஊரே முடிவு கட்டிவிட்ட திக்கல். புத்தகத்துக்கு ஏது சுண்டுவிரல்? புத்தகத்துக்கு எப்போது மணிக்கட்டு ஒடிந்தது? கடவுளே, என்று சொன்னேன், வழக்கமாகச் சொல்வதுபோல இல்லை, நிஜமாகவே அவரைக் கூப்பிட்டேன்.

இப்போது மணி நான்கு. ஆறு மணிக்குப் பிரார்த்தனை. இன்றோடு தன் நாற்காலியை வேறொருவருக்கு விட்டுக்கொடுக்கப்போவதாகப் பாட்டு வாத்தியாரிடம் சொல்லிவிட்டாள், கூடத்தில் கீபோர்டு வாசிக்க அவள் பதினெட்டு வருடம் உட்கார்ந்த நாற்காலி, அடுத்து வருகிறவருக்கு எல்லாம் சுத்தமாக இருக்கவேண்டும், ஆம்ப்ளிஃபயரைக் கொஞ்சம் துடைச்சுக் குடுங்க என்றாள், சாதாரணமாக, துவைத்த துணியை மடித்து வைக்கச் சொல்வதுபோல. நான் ரேடியோ, மிக்ஸி, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் சரிசெய்து பிழைக்கிறவன், வீட்டின் முன்னறைதான் என் கடை. இந்தப் பெட்டியை இரண்டு தடவை பிரித்துப் பார்த்தேனே... எப்படிப் பார்த்தேன்? உள்ளிருக்கும் சர்க்யூட் தட்டைக் கழற்றி மேசையில் பரப்பி, சின்ன ஸ்பீக்கர் ஒன்றைச் செருகி, எல்லோரும் பார்ப்பதுபோலத்தான் பார்த்தேன். மேசையில் அது சொக்கத் தங்கம். பெட்டிக்குள் அந்தப் பெரிய ஸ்பீக்கர் அதிர்வதால் வருகிற கோளாறு, அதை வெளியே எடுத்து வைத்தால் எப்படி வரும்? காய்ச்சல்காரனை வெயிலில் நிறுத்தி, உடம்பு சூடாகத்தான் இருக்கும் போ என்று சொன்ன வைத்தியன் நான். இரண்டு தடவையும் சொன்னேன், பெட்டி நல்லா இருக்கும்மா, விரலுக்குத்தான் பயிற்சி வேணும் என்று. எவ்வளவு அன்பாகச் சொன்னேன்! அன்பாகச் சொன்னால் பொய் உண்மையாகிவிடுமா?

இந்தத் தடவை தட்டைக் கழற்றாமல் பெட்டியை மட்டும் திறந்து, புத்தகம் கட்டையை அழுத்தியபடியே இருக்க, மரக்குச்சியால் உள்ளே ஒவ்வொன்றாகத் தட்டினேன், இங்கே இல்லை, இங்கே இல்லை, ஒரு கண்டன்சரைத் தொட்டதும் சத்தம் செத்துப் பிழைத்தது, ஆகா, நீதானா! பூதக்கண்ணாடியில் பார்த்தால் அதன் காலைச் சுற்றிப் பற்றவைத்த ஈயத்தில் தலைமுடி மாதிரி ஒரு வட்ட விரிசல். எப்படி வந்தது? கேள்வியே வேண்டாம்... போன வருடம் பிரார்த்தனைக்குக் கிளம்பும்போது அவள் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள், நான் கையிலிருந்த பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அன்று விழுந்தது இரண்டு பேர். நான் ஒருத்திக்குத்தான் கட்டுப் போட்டேன்.

“ஏம்மா! ஓடி வா, இங்க வந்து பாரு!”

“அடுப்புல வேல இருக்குங்க, அப்புறம் வரேன்.”

“அணச்சிட்டு வா!”

ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள், புத்தகத்தைப் பார்த்தாள், திக்கலைக் கேட்டாள், தன் சுண்டுவிரலைத் தூக்கிப் பார்த்தாள், மறுபடி புத்தகத்தைப் பார்த்தாள். “ஏங்க, இதுக்கும் கை ஒடஞ்சுதா?” என்றாள், அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள், அவள் இப்படிச் சிரித்து ஒரு வருடம் ஆகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் விரிசலை உருக்கிப் புது ஈயம் வைத்தேன், ஊதி ஆறவைத்தேன், பெட்டியை மூடி எல்லா ஸ்க்ரூவையும் முடுக்கினேன், மூடாமல் சோதிக்கிற புத்தி இனி வேண்டாம். அவள் சுண்டுவிரலை வைத்தாள். சத்தம் எழுந்தது, திக்காமல் நீண்டது, நீண்டுகொண்டே இருந்தது, அலமாரியில் தம்ளர்கள் அதிர்ந்தன, அவள் விரலை எடுக்கவே இல்லை.

எடுத்ததும் முதல் வேலையாகத் தங்கைக்குப் போன் போட்டாள். “ஏய், உன் வீட்டுக்காரர இன்னைக்கு மெதுவா பாடச் சொல்லுடி. என் வெரலுக்கு ஒண்ணுமில்ல, இவரு பெட்டிக்குத்தான் திக்குவாயாம்.” மறுமுனையில் சகலையின் குரல், போனே தேவையில்லை, அந்தக் குரலுக்காகத்தான் அவருக்கு இடி என்று பேர், “அப்பாடா! தொண்ட கிழிஞ்சு போச்சு அண்ணி!” என்றார். தொண்டை ஏன் கிழியவேண்டும்?... கூடத்தில் அவள் கட்டை திக்குகிற இடத்தில் எல்லாம் பாட்டில் அவர் உச்சத்துக்குப் போவாரே, மனுஷனுக்கு அடக்கமே இல்லை என்று நான் எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன், மூடி மறைக்கத்தான் கத்தினாரா, ஒரு வருடமாக, என் கேலியையும் வாங்கிக்கொண்டு? யார் யார் வழியாகவெல்லாம் கடவுள் வேலை செய்கிறார்... நான் மட்டும் தட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வெரல் நல்லாத்தான் அழுத்துதுன்னு உனக்குத் தெரியலியா?” என்று கேட்டேன்.

“தெரிஞ்சுது. நீங்கதான் ரெண்டு தடவ பாத்துட்டீங்களே,” என்றாள். குறையாகச் சொல்லவில்லை. நாற்காலியை விடப்போவதில்லை என்று வாத்தியாரிடம் எப்படிச் சொல்வது, சிரிக்காமல் சொல்ல முடியுமா என்று யோசித்துக்கொண்டே, தாளம் தட்டியபடி உள்ளே போய்விட்டாள். நான் மரக்குச்சியும் கையுமாக நின்றேன்... போன மாதம் சொன்னாளே, அடுக்களையில் விளக்கு மங்கலாக இருக்கிறது என்று, நான் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, விளக்கு நல்லா இருக்கும்மா, உன் கண்ணத்தான் காட்டணும் என்றேனே, அன்பாகத்தான் சொன்னேன்... அவள் நிற்கிற இடத்தில், அடுப்புக்கு முன்னால், நான் என்றைக்காவது நின்று பார்த்திருக்கிறேனா?