நெய் வியாபாரி வீட்டில் பூனை வாடை

1

இந்தக் கதை இன்று காலை பாளையங்கோட்டையில், என் வீட்டுக் குளியலறையில், மூக்கைப் பொத்திக்கொண்டு பூனையின் மணல்தட்டைக் கழுவும்போது பிறந்தது. பூனைக்கென்று கடையில் மணல் விற்காத காலத்தில் என்ன செய்திருப்பார்கள்? கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வரி: ‘1911இல் தாமிரபரணி வெள்ளம் வடிந்த ஒரு...’ வேண்டாம். பூனைக்கும் வெள்ளத்துக்கும் என்ன சம்பந்தம்?

இன்னொன்று: ‘ஞானம்பாள் சாதுவான...’ பொய். எழுத எழுதத்தான் அவளைத் தெரிந்துகொண்டேன்.

இதுதான் சரி: 1911இல், திருநெல்வேலியில், நெய் வியாபாரி தில்லைநாயகம் பிள்ளையின் வீட்டுக்குள் பூனை மூத்திரம் நாறியது.

2

பக்கத்தில் எந்த வாடை இருந்தாலும் நெய் அதை உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் பூனை இல்லாவிட்டால் எலி சாடிகளை உருட்டிவிடும். அதனால் அவர் மனைவி ஞானம்பாள் ஒரு பூனை வளர்த்தாள். அது அரங்கு வீடு என்கிற உள்ளறையில் குட்டி போட்டிருந்தது. தெருநாய்களுக்குப் பயந்து வெளியே இறங்காது. அதற்காக ஒரு பழைய மரப்பெட்டியில் மண் கொட்டி வைத்திருந்தாள்.

நெய் வாங்க வந்த மிட்டாய்க்கடை ஆவுடைநாயகம் ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தார். “பூனை வாடை அடிக்கி, வே. அடுத்த வாரம் வாரேன்” என்று எழுந்து போய்விட்டார்.

“ஏட்டி, அவரு வாரதுக்குள்ள வாடை போகணும். இல்லைன்னா பூனை, குட்டி எல்லாத்தையும் சாக்குல கட்டி அக்கரையில விட்டுருவேன்” என்றார் தில்லைநாயகம்.

“குட்டி இன்னும் கண்ணே முழிக்கலையே!”

“அவரு போனா மத்த கடைக்காரனும் போயிருவான். நாம என்னத்த விக்க?”

[முதலில் இவரைக் கொடுமைக்காரராக எழுதி அடித்துவிட்டேன். மனிதர் பயந்துபோயிருக்கிறார், அவ்வளவுதான்.]

3

ஞானம்பாள் முதலில் சாம்பிராணி போட்டாள். வீடு முழுக்கச் சாம்பிராணி போட்ட பூனை மூத்திரமாக மணத்தது.

வாடை மரத்தில் ஊறியிருப்பது அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. பெட்டியை உடைத்து வெந்நீர் அடுப்பில் விறகாக வைத்தாள். சீமையெண்ணெய் டின் ஒன்றை நீளவாக்கில் வெட்டச் சொல்லி, சாம்பல் போட்டுத் தேய்த்து, எண்ணெய் வாடை போகும்வரை வெயிலில் காயப்போட்டாள். காய்ந்த ஆற்று மணலை நிரப்பினாள். பூனை இறங்கியது! கிளறியது! ஆனால் சாயங்காலம் மறுபடி நாற்றம்.

அடுத்து மணலோடு கரித்தூள் கலந்தாள்.*

“ஏட்டி, என் வேட்டி மேல பூனை கரிக்காலோட நடந்திருக்கு!”

“நடந்துட்டுப் போகுது. வீட்டை மோந்து பாருங்க. நாறுதா?”

தில்லைநாயகம் முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். “...இல்லையே.”

இந்த இடத்தில் நான் நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டினேன்.

கால்தடம் பதியாமலிருக்க, அடியில் கழுவிக் காயவைத்த கரித்துண்டு, மேலே மணல் என்று மாற்றினாள். பூனை போனதும் ஈர மணலைத் தேங்காய்ச் சிரட்டையால் அள்ளி வாழைக்கு அடியில் புதைத்தாள். பழைய கறை இருந்த தரையில் எலுமிச்சை தேய்த்தாள்.

(*கரி அவளுக்கு எப்படித் தோன்றியது? அவள் வீட்டில் குடிதண்ணீர் வடிவதே கரியும் மணலும் போட்ட பானையில்தான்.)

4

ஆவுடைநாயகம் வந்தார். அந்த வாரம் வந்த புது நெய்யை முகர்ந்தார். முகம் மலர்ந்தது.

“பூனைய என்ன செஞ்சீரு, வே?”

“அப்பவே விரட்டியாச்சு அண்ணாச்சி” என்றார் தில்லைநாயகம்.

கதவுக்குப் பின்னால் ஞானம்பாளுக்கு அது கேட்டது.

அந்தக் காலத்தில், அந்த மாதிரி வீட்டுப் பெண் வெளியாள் முன்னால் வருவாளா? சந்தேகப்பட்டு இரண்டு முறை அவளைக் கதவுக்குப் பின்னாலேயே நிறுத்தி எழுதினேன். அவள் நிற்கவில்லை. பூனையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

“பூனை இங்கனதான் இருக்கு, அண்ணாச்சி. அது போற மணலும் வீட்டுக்குள்ளதான் இருக்கு. எங்கனன்னு மோந்து சொல்லுங்க, பாப்போம்!”

தில்லைநாயகத்துக்கு வியர்த்தது. ஆவுடைநாயகத்துக்கோ தன் மூக்கின் மேல் அபார நம்பிக்கை. எழுந்தார். சாடிகளுக்குப் பின்னால் முகர்ந்தார். அரங்கு வீட்டில், அடுக்களையில், கிணற்றடியில் முகர்ந்தார். வெறுங்கையோடு திரும்பினார்.

அவர் போகவர இரண்டு தடவையும் கடந்த நிலைவாசல் ஓரத்தில் ஒரு கூடை சாய்ந்திருந்தது. ஞானம்பாள் அதை நகர்த்தினாள். பின்னால் டின்!

ஆவுடைநாயகம் குனிந்து, கிட்டே போய் முகர்ந்தார். பிறகு வீடே அதிரச் சிரித்தார்.

“இருக்க நெய்யை எல்லாம் கடைக்கு அனுப்பும், வே! ஆமா, இது என்ன வித்தை?”

தில்லைநாயகம் முந்திக்கொண்டார். “அது ஒண்ணுமில்லை அண்ணாச்சி. வெறும் மணலு.”

5

ஒரு முடிவு: அவள் பேசாமல் உள்ளே போய்விடுகிறாள். எழுதினேன், கிழித்தேன்.

இன்னொன்று: “எல்லாம் இவ செஞ்சது” என்று தில்லைநாயகமே பெருமையோடு... இல்லை, அதற்கு அவருக்கு இன்னும் கொஞ்ச காலம் ஆகும்.

இதோ, ஞானம்பாள் பூனையைக் கீழே இறக்கிவிட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“வெறும் மணலா?” என்கிறாள்.

இரண்டு ஆண்களும் திரும்பிப் பார்க்கிறார்கள். அவள் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. நடுவே நான் எதற்கு? பேனாவை மூடிவிட்டேன். அவள் பேசப்போவதை இனி நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.