கண்ணாடிக்குள் இருந்த சுவர்

ஹம்சவேணி அக்காவின் சேலைக்கடையை இரண்டாகப் பிரிக்கும் நடுச்சுவரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இரும்புக் கர்டர் போட வேண்டும். மாடியில் அவர் குடும்பம் குடியிருக்கிறது. மாடியின் பாரம் முழுக்க அந்தச் சுவரில்தான். கர்டர் நீளமாகிவிட்டால் முன்சுவருக்கும் பின்சுவருக்கும் நடுவே நுழையாது. குட்டையாகிவிட்டால் சுவரில் உட்காராது. கடைக்குள் வைத்து வெட்டி ஒட்டலாம் என்றால் சுற்றிலும் பட்டு. தீப்பொறி பறக்கிற வேலைக்கு அக்கா முதல் நாளே முடியாது என்றுவிட்டார். அவனியாபுரத்தில் மலையாண்டி அண்ணன் பட்டறையில் என்ன நீளத்துக்கு வெட்டுகிறோமோ அதுதான்.

அந்த நீளத்துக்குப் பொறுப்பு எங்கள் முதலாளி தேவிகா. ராத்திரியெல்லாம் வெளிநாட்டுக் கட்டடங்களை வரைந்து அனுப்புகிற அலுவலகம் எங்களுடையது. மதுரைக்குள் கிடைத்த முதல் வேலை இது. சொதப்பினால் கடைசி வேலையும் இதுவே.

ஆடித் தள்ளுபடிக்கு முன்பு கடையை ஒரு நாள் அடைத்து, ஃபால்ஸ் சீலிங் என்கிற பொய்க்கூரையைக் கழற்றிவிட்டு, பெங்களூரிலிருந்து வாடகைக்கு வந்த லேசர் ஸ்கேனரை நிறுத்தினோம். முக்காலிமேல் நின்று சுற்றும் ஒரு பெட்டி. லேசரை வீசும், அது எதில் பட்டுத் திரும்புகிறதோ அந்த இடத்தில் ஒரு புள்ளி வைக்கும். கோடிக்கணக்கில் புள்ளிகள் சேர்ந்ததும் திரையில் கடை நிற்கும், புகையால் கட்டியது போல. பாயிண்ட் கிளவுட் என்பார்கள். பெட்டி பார்க்காத இடத்தில் புள்ளி இருக்காது, வெறும் கறுப்புதான். தெரியாததைத் தெரிந்ததாக அது சொல்வதில்லை. மனிதர்களிடம் இந்தப் பழக்கத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

கர்டரின் ஒரு முனை உட்கார வேண்டிய பின்மூலையிலேயே அந்தக் கறுப்பு இருந்தது. உயரமான தேக்கு அலமாரி மறைத்துவிட்டது. அலமாரிக்குப் பின்னால் உள்ள சந்தில் முக்காலி நிற்க இடமில்லை. இப்போது ஸ்கேனர் பெங்களூர் போய்விட்டது. பொய்க்கூரையை மூடித் தள்ளுபடியும் தொடங்கியாகிவிட்டது.

தேவிகா போன் போட்டார். ஒலிபெருக்கியில் அக்கா குரலைவிடக் கூட்டத்தின் சத்தம்தான் அதிகம் கேட்டது.

"ஆடி முடியிற மட்டும் கூரையப் பிரிக்கிற பேச்சே வேணாம் தேவிகா. இங்க நிக்க இடமில்ல."

அலுவலகத்தில் எங்கள் எதிரே மலையாண்டி அண்ணன் காலை டீயோடு உட்கார்ந்திருந்தார். "எதுக்கு இம்புட்டு யோசனை? முன்பக்கச் சுவரு மாதிரிதானே பின்பக்கமும் இருக்கும். அதே கணக்குல வெட்டிட்டு வாரேன். இன்னைக்கு விட்டா மிஷின்ல வேற வேலை ஏறிரும்."

"கொஞ்சம் இருங்கண்ணே," என்றேன்.

ராத்திரி வேலை முடிந்து, விடிந்த பிறகும் நான் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. வேண்டாத புள்ளிகளை அழித்துச் சுத்தம் செய்த ஃபைலை மூடிவிட்டு, பெட்டியிலிருந்து வந்த மூல ஃபைலைத் திறந்தேன். அதில் பக்கத்துப் பாத்திரக் கடை இருக்க வேண்டிய இடத்தில், சாய்ந்தபடி இன்னொரு சேலைக்கடை தொங்கிக்கொண்டிருந்தது.

கல்லாவிலிருந்தே அலமாரிச் சந்தைக் கண்காணிக்க அக்கா பக்கச் சுவரில் உயரத்தில் ஒரு கண்ணாடியைச் சாய்த்து மாட்டியிருந்தார். சேலை திருடுகிறவர்களுக்காக. லேசருக்குக் கண்ணாடி என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதில் தெறித்துப் போய் எதைத் தொடுகிறதோ, அது கண்ணாடிக்கு நேர் பின்னால் இருப்பதாகப் பதிந்துவிடும். பேய்ப் புள்ளிகள் என்போம். முதல் வேலையாக அழித்துவிடுவோம்.

அந்தப் பேய்க் கடைக்குள் அலமாரிச் சந்து இருந்தது. மேலே மூலைச் சுவரும் இருந்தது.

"மேடம், இதப் புரட்டிப் போட்டா நிஜக் கடைமேல வந்து உட்காரணும்."

தேவிகா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "உட்கார்ந்துச்சான்னு எப்படித் தெரியும்?"

"ஃபேன். நேராவும் விழுந்திருக்கு, கண்ணாடியிலயும் விழுந்திருக்கு."

கண்ணாடியின் மரச்சட்டத்தை வைத்துக் கண்ணாடிப் பரப்பின் தளத்தைப் பிடித்து, பேய்க் கடையை அதற்குக் குறுக்கே புரட்டினேன். திரையில் இரண்டு ஃபேன்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. இரண்டுக்கும் நடுவே இரண்டு அங்குலம்.

"போச்சா?" என்றார் மலையாண்டி அண்ணன். "கண்ணாடியில பாத்து இரும்ப வெட்டச் சொல்றீக. வீட்டுல சொன்னா என்னைய வச்சுச் சிரிப்பாக."

தேவிகா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சிவா, நீ புடிச்சது சட்டத்தோட முகத்த. கண்ணாடி சட்டத்துக்கு உள்ள தள்ளியில்ல இருக்கும்? தளம் எவ்வளவு தப்போ, ஃபேன் அதுக்கு ரெண்டு மடங்கு தள்ளி நிக்கும்."

மறுபடியும் போன். "அக்கா, கூரையத் தொட வேணாம். அந்தக் கண்ணாடி சட்டத்துலருந்து எம்புட்டு உள்ள இருக்குன்னு மட்டும் பாத்துச் சொல்லணும்."

"இது என்னடி புது வேலை," என்றார் அக்கா. பிறகு யாரையோ ஸ்டூலில் ஏறச் சொல்வது கேட்டது. "டேப்ப வச்சுப் பாத்துட்டா. ஒரு இஞ்ச். போதுமா? யாவாரத்தப் பாக்கட்டுமா?"

தளத்தை ஓர் அங்குலம் பின்னுக்குத் தள்ளி மறுபடி புரட்டினேன். ஃபேன்மேல் ஃபேன் உட்கார்ந்தது. மூன்று இறக்கைகளும் அச்சாகப் பொருந்திவிட்டன.

மூலை கறுப்பாக இல்லை. சுவர் தெரிந்தது. மலையாண்டி அண்ணன் நினைத்த சுவர் இல்லை அது. கர்டர் உட்கார வேண்டிய உயரத்தில் ஒரு செங்கல் அகலத்துக்குக் கடைக்குள் புடைத்து நின்றது. அவர் கணக்கில் வெட்டியிருந்தால் கர்டர் அந்தரத்தில் குறுக்கே சிக்கியிருக்கும்.

"ஒரு செங்கல் குறைச்சு வெட்டுங்கண்ணே," என்றார் தேவிகா. "பொறுப்பு நான்."

"உங்க இஷ்டம்," என்று எழுந்து போனார்.

ஆடி முடிந்ததும் கடையை அடைத்து, மாடிக்கு முட்டுக் கொடுத்து, சுவரை எடுத்தார்கள். பின்மூலையில் பொய்க்கூரையைப் பிரித்தபோது அந்தப் புடைப்பு இருந்தது, திரையில் பார்த்த அதே இடத்தில். மலையாண்டி அண்ணன் ஏணியில் ஏறி உள்ளங்கையால் அதைத் தடவிப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

செயின் பிளாக் கறகறவென்று இழுக்க, கர்டர் மேலே போனது. ஒரு முனை முன்சுவரில் நுழைந்தது. மறுமுனை புடைப்பை நெருங்கியது. உரசாமல் உள்ளே போய் உட்கார்ந்தது. நான் வரைந்தபடி ஒரு விரல் இடைவெளி. சாந்து வைத்து அடைத்து, அது இறுகிய பிறகு முட்டுகளை ஒவ்வொன்றாக உருவினார்கள். மாடி அசையவில்லை.

ஹம்சவேணி அக்கா கண்ணாடியை அண்ணாந்து பார்த்தார். "இத்தனை வருஷமா மாட்டியிருக்கேன். ஒரு சேலைத் திருடிகூட இதுல சிக்கினதில்ல."

"சுவரு சிக்கிருச்சுல்லக்கா," என்றார் மலையாண்டி அண்ணன். பிறகு என் பக்கம் திரும்பி, "மாப்ள, பேரையூர்ல ஒரு அரிசி மில்லு வேலை இருக்கு. அங்கயும் அந்தப் பெட்டியக் கொண்டாருவீகளா?" என்றார்.

"கண்ணாடியும் கொண்டு வாரோம்ணே," என்றார் தேவிகா.

நடுச்சுவர் நின்ற இடத்தைத் தாண்டிக் கடையின் இந்தப் பாதியிலிருந்து அந்தப் பாதிக்கு நடந்தேன். திரும்பியும் நடந்தேன். ஜெயித்தவன் நடக்கிற மாதிரியேதான் நடந்தேன்.