முப்பத்தைந்து மில்லிமீட்டர்

ஏறி உட்கார்ந்ததும் கைகள் தவறான இடத்துக்குப் போயின. கராஜுக்குள் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஹேண்டில்பாரைத் தேடினேன். அது எட்ட இருந்தது. என் மனைவி பிரினின் சைக்கிளில் நான் இப்படி அவ்வப்போது உட்காருவது உண்டு. எனக்குச் சின்ன சைக்கிள் அது. முழங்கால்கள் மடங்கி, சர்க்கஸ் கரடி மாதிரி இருப்பேன். ஹேண்டில்பார் வயிற்றுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இன்று அப்படி நிற்கவில்லை. வசதியாக இருந்தது. அந்த வசதிதான் என்னவோ போல் இருந்தது. குனிந்து பார்த்தேன். ஹேண்டில்பாரை முன்சக்கரத் தண்டோடு பிணைக்கும் ஸ்டெம் இருந்த இடத்தில், உள்ளங்கை நீளத்துக்குப் பளபளப்பாக வேறொன்று நீட்டிக்கொண்டிருந்தது.

வாசலில் டிரெவர் காப்பிக் கோப்பையோடு நின்றிருந்தான். பிரினின் அண்ணன். ஊரில் இருக்கும் ஒரே சைக்கிள் கடையில் மெக்கானிக். செயினைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று போன வாரம் அவன்தான் சைக்கிளை எடுத்துப்போனான்.

"எப்படி இருக்கு மச்சான்? இப்ப கை எட்டுதா?"

"அவளோட ஸ்டெம் எங்க?"

"எண்பது மில்லிமீட்டர் போட்டிருக்கேன். நீ ஆறடி மூணு அங்குலம். முப்பத்தஞ்ச வச்சுக்கிட்டு நாளைக்கு எப்படி எறங்குவ? மொத வளைவுலயே முட்டி இடிச்சு விழுவ."

"எங்கன்னு கேட்டேன்."

"கடையில, தொட்டியில போட்டேன்."

நாளை என்பது மலைச் சைக்கிள் பாதை திறப்பு. ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் சரிவில் பிரின் இரண்டு கோடை மண்வெட்டியோடு கிடந்து வெட்டிய பாதை. மீதியை அவள் இறந்த பிறகு மற்றவர்கள் முடித்தார்கள். புதுப் பாதையில் முதல் டயர் தடம் யாருடையது என்பதை வெட்டியவர்கள் முடிவு செய்வார்கள். இந்த ஊரில் அதற்காக நண்பர்கள் பேசாமல் போயிருக்கிறார்கள். இந்த முறை சண்டையே இல்லை. கேலம் இறங்கட்டும், அவள் சைக்கிளில் இறங்கட்டும் என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். கேலமாகிய என்னை மட்டும் யாரும் கேட்கவில்லை.

"கடைக்கு வர்றவன் ஒவ்வொருத்தன்கிட்டயும் நீ என்ன சொல்லுவ? சின்ன ஃபிரேமை ஸ்டெம்ம வச்சுப் பெருசாக்க முடியாது, வேற சைக்கிள் வாங்குன்னுதான சொல்லுவ?"

"ஒரே ஒரு தடவை எறங்கத்தானடா."

"அவ இருந்திருந்தா இப்படிச் செஞ்சிருப்பியா?"

அவன் கோப்பைக்குள் பார்த்தான். "அவ என் தங்கச்சிடா" என்றான். கராஜ் கதவை இழுத்துச் சாத்தினேன்.

ஊர் முழுக்க என்னிடம் ஒரே கேள்வி கேட்டது. சைக்கிளில் விழுந்தாளா? இல்லை. சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. முப்பத்தொரு வயது. இதைச் சொன்னதும் கேட்டவர் முகத்தில் சின்னதாக ஓர் ஏமாற்றம் வந்து போகும். பாறையில், மரத்தில், பள்ளத்தில் என்றால் அவர்களுக்கு ஒரு கதை கிடைத்திருக்கும். கிடைக்காத கதையை இப்போது என்னை வைத்து முடிக்கப் பார்க்கிறார்கள். மனைவியை இழந்தவன், அவள் சைக்கிள், அவள் பாதை. யாரோ கேமரா கொண்டுவருவார்கள்.

அந்த முப்பத்தைந்தை அவள் ஒரே நாளில் கண்டுபிடிக்கவில்லை. சைக்கிளைப் பழையதாக வாங்கியபோது அதில் எழுபது இருந்தது. செங்குத்தான இறக்கத்தில் யாரோ பின்னாலிருந்து தலைகீழாகத் தள்ளுவது போல இருக்கிறது என்றாள். ஐம்பது போட்டாள். நாற்பது போட்டு ஒரு கோடை முழுக்க ஓட்டினாள். மின்கம்பிகளுக்குக் கீழே போகும் அதே துண்டுப் பாதை. மேலே மிதித்துப் போவாள், இறங்குவாள், திருகு கழற்றும் சாவியை எடுத்து ஸ்டெம்மை மாற்றுவாள், மறுபடி மேலே போவாள். நான் வண்டியின் பின்கதவில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டு பார்ப்பேன். நான் வனத்துறைக்கு வரைபடம் போடுகிறவன். ஐந்து மில்லிமீட்டரில் என்ன இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டேன். "உன் வரைபடத்துல அஞ்சு மில்லிமீட்டர்னா எவ்வளவு?" என்றாள். நூறு மீட்டர் காடு என்றேன். "அவ்வளவுதான் இதுலயும்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

முப்பத்தைந்து போட்ட அன்று கீழே வந்து நிறுத்தினாள். சிரிக்கவில்லை. "நெனைக்கும்போதே திரும்புது" என்றாள். ஒரே குறை, ஸ்டெம் குட்டையானால் ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகிவிடும். மண்ணை விட்டு எழும்பி அலையும். அதற்கு அவள் மார்பைக் கீழே இறக்கி, தாடையை ஹேண்டில்பாரில் படுகிற அளவுக்குக் கொண்டுபோய் மிதிப்பாள். கார் ஜன்னலில் தலை வைத்த நாய் மாதிரி இருக்கிறாய் என்பேன். அந்த முப்பத்தைந்தின் முகப்பில், நேராகப் பொருத்துவதற்கு அடையாளமாகப் பச்சை நகப்பூச்சால் ஒரு கோடு போட்டாள். நகத்துக்கு அவள் ஒருநாளும் பூசியதில்லை. அந்தக் கோட்டுக்காகவே வாங்கியது.

கடைக்குப் போனேன். கதவோரம் பழைய துணி துவைக்கும் தொட்டி ஒன்று இருக்கும். வேண்டாத ஸ்டெம்களைப் போடலாம், வேண்டியதை எடுக்கலாம். கேட்க வேண்டியதில்லை, அதுதான் வழக்கம். இரண்டு கைகளாலும் அள்ளிப் போட்டுத் தேடினேன். தொண்ணூறு, நூறு, நூற்றுப் பத்து. அப்பாக்கள் காலத்து நீளங்கள், யாருக்கும் வேண்டாதவை. குட்டையானது விழுந்தால் மதியத்துக்குள் போய்விடும் என்பது டிரெவருக்குத் தெரியாததல்ல. விரல் நுனிகள் கறுப்பாகின. பச்சைக் கோடு இல்லை.

கல்லாவில் இருந்தவன் எட்டிப் பார்த்தான். "குட்டையா ஒண்ணு கெடந்துச்சே, அதுவா? அத தபால்கார கிர்ஸ்டன் எடுத்துட்டுப் போயிட்டா."

நான் தொட்டியை உதைத்தேன். நூற்றுப் பத்து ஒன்று தரையில் உருண்டு போனது. அவன் எழுந்து வந்து அதைப் பொறுக்கித் தொட்டியில் போட்டான். இப்போதெல்லாம் யாரும் என்னிடம் ஒன்றும் சொல்வதில்லை. அதுவே இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

ஞாயிறு காலை மழை தூறிக்கொண்டிருந்தது. காட்டு வாசலில் இருக்கும் வண்டி நிறுத்தத்தில் பாதி ஊர் கூடியிருந்தது. ஒரு டிரக்கின் பின்கதவில் டோனட் பெட்டிகள் நனைந்துகொண்டிருந்தன. எண்பது போட்ட சைக்கிளை இறக்கி வைத்தேன். இரண்டு பேர் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். கோவில் சிலையா இது என்று கேட்க வாய் வரை வந்தது. கிர்ஸ்டனின் சைக்கிள் வேலியில் சாய்ந்திருந்தது. பச்சைக் கோடு தூரத்திலிருந்தே தெரிந்தது.

கிர்ஸ்டனுக்கு நாற்பத்தைந்து இருக்கும். எங்கள் வீட்டுக்கு வந்த அனுதாப அட்டைகளையெல்லாம் தபால் பெட்டியில் போட்டவள் அவள்தான். பிரின் உயரம்தான் இருப்பாள்.

"இந்த ஸ்டெம் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"ஐயோ, கேக்காத கேலம். இத்தன வருஷமா எனக்கு எறங்கத் தெரியல, பயந்தாங்கொள்ளின்னு நெனச்சுட்டிருந்தேன். என் வீட்டுக்காரரும் அதத்தான் சொன்னாரு. பாத்தா என் பழைய சனியன் புடிச்ச நீள ஸ்டெம்தான் காரணம். நேத்து வாணலிப் பாறையில எறங்கிட்டேன் தெரியுமா? ஏத்தத்துலதான் முன்சக்கரம் குதிரை மாதிரி எந்திரிக்குது. அது போகட்டும்."

"அது பிரினோடது."

அவள் கையிலிருந்த டோனட் பாதியில் நின்றது. என்னைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள். அடுத்த நொடி டோனட்டை வேலிக் கம்பத்தின் மேல் வைத்துவிட்டு, பையைத் திறந்து சாவியைத் தேட ஆரம்பித்தாள்.

"எனக்குத் தெரியாதுப்பா, சத்தியமா. தொட்டியில கெடந்துச்சு. இரு, இப்பவே கழட்டித் தரேன். ரெண்டே நிமிஷம்."

இரவெல்லாம் நான் தயார் செய்துவைத்த வார்த்தைகள் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு ஆளாவது இது என்னுடையது, போடா என்று சொல்லியிருக்கலாம். அவள் முதல் திருகில் சாவியை வைத்துவிட்டாள்.

"விடு" என்றேன்.

"இல்லப்பா, நீ எடுத்துக்கோ."

"விடுன்னு சொல்றேன்ல."

குரல் பெரிதாகத்தான் வந்தது. டிரெவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "மச்சான், நேரமாச்சு. எல்லாரும் காத்துட்டிருக்காங்க."

என் பையிலும் சாவி இருந்தது. பிரினின் சைக்கிள் பக்கம் மண்டியிட்டேன். ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த நான்கு திருகுகள். பிறகு மேல் மூடி. பிறகு பக்கத்துத் திருகுகள். யாரும் பக்கத்தில் வரவில்லை. எண்பது கையோடு வந்தது, எடை அதிகம். ஹேண்டில்பார் பிரேக் குழாய்களில் தொங்கி, முன்சக்கரத்தின் மேல் மெதுவாக ஆடியது. ஸ்டெம்மை டிரெவரின் கையில் வைத்தேன்.

"இத யாரும் ஓட்டப் போறதில்ல" என்றேன். "நானும் ஓட்டல."

அவன் அதைப் பிடித்தபடி நின்றான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் அதைத் தன் ஜாக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டு மூக்கைத் துடைத்தான்.

"அப்ப மொதல்ல யாரு எறங்குறது?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். யாரோ அவரை அதட்டினார்கள்.

"கிர்ஸ்டன்தான்" என்றேன்.

கிர்ஸ்டன் தலையை ஆட்டி மறுத்தாள். எனக்கு அந்த உரிமை இல்லை, நான் ஒரு நாள்கூட மண்வெட்டி பிடிக்கவில்லை என்றாள். நான் அவள் சைக்கிளை எடுத்து, அவள் பக்கம் தள்ளினேன். தேவைக்கு மேல் வேகமாகத் தள்ளிவிட்டேன் போல. அவள் அதைப் பிடிக்கத்தான் வேண்டியிருந்தது. பிடித்தவள் ஏறிவிட்டாள்.

பாதை தொடங்கும் உச்சிக்குப் போக முதலில் ஜல்லிச் சாலையில் ஏற வேண்டும். செங்குத்தான ஏற்றம். அவள் பாதி தூரம் போனாள். முன்சக்கரம் எழும்பியது, அலைந்தது, பள்ளத்தின் பக்கம் திரும்பியது. அவள் ஒரு காலை ஊன்றினாள். மறுபடி ஏறினாள். மறுபடி எழும்பியது. இத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதுதான் தப்பு.

"நெஞ்ச எறக்கு" என்று கத்தினேன்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். இவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

"தாடைய கொண்டுபோய் அந்தக் கோட்டுக்கிட்ட வையி. இன்னும் கீழ. இன்னும்."

கிர்ஸ்டன் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகு வளைந்தது, தலை தாழ்ந்தது. தாடை ஹேண்டில்பாருக்கு மேலே வந்து நின்றது. முன்சக்கரம் ஜல்லியில் அமர்ந்தது. ஈரக் கற்களை நசுக்கும் சத்தம் சீராகக் கேட்டது. மரங்களுக்குள் திரும்பும் வளைவு வரை அவள் தலையைத் தூக்கவே இல்லை.