இருபத்திரண்டு மூட்டைச் சாம்பல்

வாய்க்காலில் கொண்டுபோய் எரியுங்கள் என்று சொன்னது நான்தான். ஊரில் யாரைக் கேட்டாலும் உத்திராபதி எரித்தான் என்பார்கள். அவர் என் வீட்டுக்காரர், காயலான் கடை வைத்திருக்கிறார். பழைய டிவி, யுபிஎஸ், செத்துப்போன கம்ப்யூட்டர் என்று வாங்கிப் பிரித்து, ஒயரையும் போர்டையும் எரித்துச் செம்பை எடுப்பார். முதலில் கொல்லையில்தான் எரித்தார். புகை தாங்காமல் எங்கள் மகள் சுவேதா இருமிக்கொண்டே கிடந்தாள். மாசியில் வாய்க்கால் வறண்டதும், "அங்க போய்க் கொளுத்துங்க, இங்க மனுசங்க இருக்கோம்" என்று கத்தினேன். வாய்க்காலுக்குக் கீழேயும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

நாலு மாதம் எரித்தார். அப்புறம் அவருக்கு ஓயாத வயிற்றுவலி. தஞ்சாவூருக்குப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். நேற்று முடிவைப் பார்த்த டாக்டரம்மா, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறதாம். "அந்தச் சாம்பல்ல இருந்துதான் வருது. அது தண்ணியில கலந்துடாமப் பாத்துக்குங்க. வயலுக்குப் போனா அரிசிக்கும் போகும்" என்றார்.

எங்கேதான் கொட்டுவது என்று கேட்டேன். அது அவருக்கும் தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போதே இவர் நாலைந்து பேருக்குப் போன் போட்டார். கடைசியில் இந்த மாதிரிக் கழிவை எடுத்துக்கொள்ளும் ஒரு கம்பெனி கிடைத்தது. ஒரு லோடு சேர்ந்தால் சொல்லுங்கள், வண்டி அனுப்புகிறோம் என்றார்கள். எங்களிடம் அரை லோடு விஷம் இருந்தது. மீதியை எரித்துச் சேர்ப்பதா?

மேட்டூர் திறந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. எங்கள் ஊருக்குத் தண்ணீர் வர இன்னும் இரண்டு நாள் என்று சொல்லியிருந்தார்கள். விடிந்ததும் இருவரும் கைக்கு உறை, வாய்க்குத் துணி கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினோம். பத்து மணிக்குள் இருபத்திரண்டு மூட்டை கட்டிக் கரையில் ஏற்றிவிட்டோம். இன்னும் பாதி கீழே கிடந்தது. அப்போதுதான் ஊர் வாட்ஸப்பில் குரல் வந்தது. "தண்ணி மதகுக்கு வந்துட்டு. பதினோரு மணிக்குத் தொறக்குறோம். எல்லாரும் வந்து சேருங்க."

கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கரையேறினேன்.

"மேல மண்ணத் தள்ளி மூடிடுவோம்" என்றார் இவர்.

"மூடினா தண்ணி அரிக்காதா? நான் போயி லஸ்கர்கிட்ட சொல்றேன்."

"என்னான்னு சொல்லுவ? கடையச் சாத்திட்டு ஊரவிட்டுப் போகச் சொல்லுவாங்க, மலரு!"

"சொன்னா போவோம்" என்றேன். வாய்தான் சொன்னது. மதகைப் பார்த்து ஓடினேன்.

மதகில் முப்பது பேர் நின்றார்கள். ஷட்டருக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டிருந்தார்கள். மதகைத் திறந்து மூடும் லஸ்கர் பக்கிரி அண்ணன் கையில் கைப்பிடியோடு நின்றார். எங்கள் வாய்க்காலில் முதல் நிலம் ரெத்தினம் அக்காவுடையது. பம்ப்செட் தண்ணீரில் நாற்று விட்டு, நடவுக்குக் காத்திருந்தாள். அவளும் அவள் புருஷன் அண்ணாதுரையும் முன்னால் நின்றார்கள்.

எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டேன். "அண்ணே, இன்னிக்குத் தொறக்காதீங்க. வாய்க்கால்ல நாங்க ஒயர் எரிச்ச சாம்பல் கெடக்கு. இருவத்திரண்டு மூட்டை அள்ளிக் கரையில வச்சிட்டோம், இன்னும் பாதி இருக்கு. தப்பு எங்கமேலதான்."

அடி விழும், குறைந்தபட்சம் வசவாவது விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். ஒன்றும் விழவில்லை. யாரோ சிரித்தார்கள்.

"சாம்பல்தானே? அதுக்காடி இப்படி மூச்சிறைக்க ஓடியார?" என்றாள் ரெத்தினம் அக்கா. "சாம்பல் போட்டாப் பயிரு நல்லாத்தான் வரும்."

"இது அடுப்புச் சாம்பல் இல்லக்கா, வெஷம். அவரு ரத்தத்துலயே ஏறிப்போச்சு."

"உன் புருசன் ரத்தத்துல எது ஏறிச்சின்னு ஊருக்கே தெரியும், போ புள்ள."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பயந்து ஒப்புக்கொள்ள வந்தவளைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சிரிப்பை எப்படித் தாங்குவது? ஷட்டர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, விடமாட்டேன் என்று நின்றேன். பக்கிரி அண்ணன் என் முகத்தையே பார்த்தார். என்ன கண்டாரோ, "நாலு மணி வரைக்கும் பாக்குறேன். அதுக்குமேல நிறுத்த எனக்கு அதிகாரம் இல்ல" என்றார். பெரிய சண்டை நடந்தது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் கூட்டம் கலைந்தது.

ஐந்து மணி நேரம் இருந்ததில் ஒன்று சண்டையிலேயே போய்விட்டது. அள்ளிவிடலாம் என்று ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தேன். கரையில் மூட்டைகள் குறைந்திருந்தன. எண்ணினேன். ஒன்பதுதான் இருந்தது.

"மிச்சம் எங்கங்க?"

கீழே அள்ளிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "அண்ணாதுரை அண்ணன் டிராக்டர எடுத்துட்டு வந்தாரு. மதகுல நீ சொன்னதக் கேட்டுட்டு உடனே அக்காவோட கெளம்பி வந்தாராம். எடுத்துக்கவான்னாரு. எங்கயாவது போய்த் தொலையட்டும்னு ஏத்திவிட்டேன்."

கரையில் இருக்கிறது என்று முப்பது பேருக்கு நடுவில் முகவரி கொடுத்தது நானேதான். செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினேன்.

ரெத்தினம் அக்காவின் நாற்றங்கால் சாம்பல் பூத்துக் கிடந்தது. பச்சைநாற்றின்மேல் கறுப்பும் வெள்ளையுமாகப் படிந்திருந்தது. அக்கா வெறுங்காலோடு சேற்றில் நின்று கூடையிலிருந்து அள்ளி வீசிக்கொண்டிருந்தாள். வரப்பில் காலி சாக்குகள் கிடந்தன. அண்ணாதுரை அண்ணன் அப்போதுதான் கடைசிக் கூடையை வீசிவிட்டுக் கரையேறிக்கொண்டிருந்தார்.

"வா மலரு! உன் புண்ணியத்துல இந்த வருசம் பூச்சி அண்டாது" என்றாள் அக்கா. கேலி இல்லை, நிஜமாகவே நன்றி சொன்னாள்.

நேரே நாற்றங்காலில் இறங்கி, கைக்கு வந்ததைக் கொத்தாகப் பிடுங்கி வரப்பில் எறிந்தேன். இந்த நாற்றை நட விடக் கூடாது, அவ்வளவுதான் தெரிந்தது. எத்தனையோ வருஷம் கூலிக்கு நாற்றுப் பறித்த கை, அடங்கவே மாட்டேன் என்றது. அக்கா கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"பாவி, வயித்துல அடிக்கிறியே!"

கன்னத்தில் அறைந்தாள். ஒன்று, இரண்டு. வலித்தது. நான் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நகக்கண்ணெல்லாம் கறுப்பாக இருந்தது. கையிலிருந்து வாய் வழியாகவும் அது உள்ளே போகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

"அடிங்கக்கா, எத்தனை வேணா அடிங்க. அடிச்சிட்டுக் கையக் கழுவிடுங்க" என்று அழுதேன். "அந்தக் கையோட எதையும் தின்னுடாதீங்க. இவரு இப்படித்தான் கழுவாத கையால தின்னாரு. புள்ளைக்கும் ஊட்டினாரு. அவளுக்கு இன்னும் ரத்தம் எடுத்துப் பாக்கல. பாக்க எனக்குத் தைரியம் இல்லக்கா."

மூன்றாவது அடிக்கு ஓங்கிய கை அப்படியே நின்றது. அக்கா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு வரப்புப் பக்கம் பார்த்தாள். அங்கே அண்ணாதுரை அண்ணன் வேலை முடிந்த நிம்மதியில் குந்தி உட்கார்ந்து, வெற்றிலையைத் தொடையில் துடைத்துச் சுண்ணாம்பு தடவி மடித்துக்கொண்டிருந்தார்.

"யோவ்!" என்று அலறினாள் அக்கா. "வாயில வைக்காதய்யா!"